ஸ்லோவேனியாவை அறிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி: தண்ணீர் போகும் வழியிலேயே போங்கள்

ஸ்லோவேனியாவுக்குப் போகிறவர்களில் பலர், வெனிஸிலிருந்து வியன்னாவுக்குப் போகும் வழியில் ஒரு நாளை ஒதுக்கி, பிளெட் ஏரியின் தீவுத் தேவாலயத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஏரி அழகானதுதான். ஆனால் 20,271 சதுர கிலோமீட்டர் மட்டுமே பரப்புள்ள இந்த நாட்டில் ஆல்ப்ஸ் மலைகள், குகைகள் நிறைந்த சுண்ணாம்பு நிலம், ஒரு துண்டுக் கடற்கரை, ஹங்கேரியைத் தொடும் சமவெளி என்று நான்கு வேறு வேறு உலகங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குகூட வராத நிலம். மக்கள்தொகை சுமார் 21 லட்சம்.

இவ்வளவு சின்ன நாட்டுக்குள் இவ்வளவு வேறுபாடு எப்படி வந்தது என்பதற்கு அங்குள்ள பாறையும் நீரும்தான் காரணம். அதனால் இந்த வழிகாட்டியைத் தண்ணீரை வைத்தே எழுதியிருக்கிறேன். மலையில் பெய்யும் மழை எங்கே போகிறது, எங்கே மண்ணுக்குள் மறைகிறது, எங்கே மறுபடி வெளியே வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனால், ஊர்கள், போர்கள், மொழி, சாப்பாடு எல்லாம் தானாகவே பிடிபடும்.

முதல் படி: வரைபடத்தில் நான்கு ஆறுகளைக் கண்டுபிடியுங்கள்

பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே ஒரு நிலவரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே இத்தாலி, வடக்கே ஆஸ்திரியா, வடகிழக்கு மூலையில் ஹங்கேரி, தெற்கிலும் கிழக்கிலும் குரோஷியா. இந்த எல்லைகளை நினைவில் வைத்துக்கொண்டு சாவா, திராவா, முரா, சோச்சா என்ற நான்கு ஆறுகளையும் விரலால் தடவிப் பாருங்கள்.

சாவா நாட்டின் முதுகெலும்பு. வடமேற்கு மலைகளில் இரண்டு கிளைகளாகப் பிறந்து, ராதோவ்லித்சா ஊருக்குப் பக்கத்தில் ஒன்றாகி, நாட்டைக் குறுக்கே கடந்து குரோஷியாவுக்குள் போய், பெல்கிரேடில் தன்யூப்பில் கலக்கிறது. திராவாவும் முராவும் கிழக்குப் பகுதியின் ஆறுகள். அவற்றின் நீரும் கடைசியில் தன்யூப் வழியாகக் கருங்கடலுக்கே போகிறது. சோச்சா மட்டும் அதே மலைகளில் பிறந்து தெற்கே திரும்பி அட்ரியாட்டிக் கடலுக்கு ஓடிவிடுகிறது. ஒரே மலைமுகட்டில் விழும் மழையில் ஒரு பாதி கருங்கடலுக்கும் மறுபாதி மத்தியதரைக் கடலுக்கும் போகிறது என்றால், அந்த முகட்டின் இரண்டு பக்கமும் வாழ்ந்தவர்களின் வரலாறும் இரண்டாகப் பிரிந்ததில் வியப்பில்லை. கிழக்குச் சரிவு வியன்னாவையும் கிராட்ஸையும் பார்த்து வளர்ந்தது. மேற்குச் சரிவு, இன்று இத்தாலியில் இருக்கும் திரியெஸ்தே துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தது.

இன்னும் ஒன்றையும் வரைபடத்தில் கவனியுங்கள். தென்மேற்கில் ஒரு பெரிய பகுதியில் ஆறுகளே இல்லாத மாதிரி தெரியும். கோடுகள் தொடங்கும், பாதியில் நின்றுவிடும். அது அச்சுப் பிழை கிடையாது. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாம் படி: போகும் முன் கொஞ்சம் வரலாறு

ஸ்லோவேனியர்கள் சுமார் 600 ஆண்டுகள், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசர்களின் கீழ் இருந்தார்கள். 1918-க்குப் பிறகு யுகோஸ்லாவியா. 1941-இல் ஜெர்மனி, இத்தாலி, ஹங்கேரி மூன்றும் இந்த நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. போருக்குப் பின் பொதுவுடைமைத் தலைவர் டிட்டோவின் யுகோஸ்லாவியா. 1990 டிசம்பர் 23-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், வாக்குரிமை உள்ளவர்களில் 88 விழுக்காட்டுக்கும் மேலானோர் தனிநாடு வேண்டும் என்றார்கள். 1991 ஜூன் 25-இல் சுதந்திரப் பிரகடனம்; அதையடுத்துப் பத்து நாள் போர்; ஜூலை 7-இல் உடன்பாடு. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியம், 2007-இல் யூரோ.

இதில் கவனிக்க வேண்டியது, 1991-க்கு முன்னால் இவர்களுக்கென்று சொல்லிக்கொள்ளும்படி அரசோ அரச வம்சமோ இருக்கவில்லை. இருந்தது மொழி. கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஃபிரைசிங் சுவடிகளில்தான் இம்மொழியின் மிகப் பழைய எழுத்து கிடைக்கிறது. 1550-இல் பிரிமோஷ் த்ருபார் என்ற புராட்டஸ்டண்ட் போதகர் முதல் அச்சு நூல்களைக் கொண்டுவந்தார்: ஒரு ஞான உபதேசமும் ஓர் அரிச்சுவடியும். 1584-இல் யூரி தல்மாத்தின் முழு விவிலியத்தையும் மொழிபெயர்த்து அச்சிட்டார். ஒரு நாடே இல்லாதவர்கள், மொழியைத்தான் நாடாக வைத்துக் காப்பாற்றினார்கள்.

அதனால்தான் தலைநகரின் மையச் சதுக்கத்தில் படைத்தலைவர் யாரும் குதிரைமேல் உட்கார்ந்திருக்கவில்லை. அங்கே நிற்பவர் ஃபிரான்ட்சே பிரெஷெரன் (1800–1849) என்ற கவிஞர். அவர் இறந்த நாளான பிப்ரவரி 8 பொது விடுமுறை. அவர் 1844-இல் எழுதிய கவிதையின் ஏழாவது பத்திதான் தேசிய கீதம்: சண்டையில்லாத உலகில் எல்லா இனங்களும் நல்ல அண்டை வீட்டாராக வாழும் நாளை வாழ்த்துகிறது. ஒரு நாட்டின் கீதம் அண்டை நாட்டாரையும் சேர்த்து வாழ்த்துவதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த மதிப்போடு சேர்த்து, சுற்றுலா ஏடுகளில் வராத ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1992 பிப்ரவரி 26-இல், பிற யுகோஸ்லாவியக் குடியரசுகளிலிருந்து வந்து அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவர்களில் 25,671 பேரின் பெயர்கள் நிரந்தரக் குடியிருப்பாளர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. குறித்த காலத்துக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காதவர்கள், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் இவர்கள். பலருக்கு ஒரே நாளில் வேலை, மருத்துவம், வீடு எல்லாம் கேள்விக்குறியானது. அங்கே இவர்களை 'அழிக்கப்பட்டவர்கள்' என்றே குறிப்பிடுகிறார்கள். 2012-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. 2022-இல் அப்போதைய அதிபர் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நல்ல அண்டை வீட்டாரைப் பாடும் நாட்டிலும் இது நடந்தது என்று தெரிந்து போனால், அங்கே எதையும் மிகையாகக் கொண்டாடவும் மாட்டோம், அவசரமாகத் தீர்ப்பு சொல்லவும் மாட்டோம்.

மூன்றாம் படி: லியுப்லியானாவில் குறைந்தது இரண்டு இரவுகள்

தலைநகரத்தில் சுமார் 3 லட்சம் பேர் இருக்கிறார்கள். நகர மையத்துக்குள் 2007 முதல் கார்களைப் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். 2016-இல் ஐரோப்பாவின் பசுமைத் தலைநகரம் என்ற விருது கிடைத்தது. நடந்தே பார்த்துவிடலாம்.

முதலில் ஆற்றங்கரைக்குப் போங்கள். லியுப்லியானித்சா சாதுவாக, பச்சையாக ஓடிக்கொண்டிருக்கும். அதன் கரைகள், பாலங்கள், சந்தை எல்லாவற்றிலும் ஒரே மனிதரின் கை தெரியும்: கட்டடக் கலைஞர் யோஷே பிளெச்னிக் (1872–1957). வியன்னாவிலும் பிராகிலும் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பி, கையில் அதிகப் பணமில்லாத ஒரு சிறு நகரத்தைத் தலைநகர் மாதிரி ஆக்கிக்காட்டியவர். இருந்த ஒரு பாலத்தை இடிக்காமல், இரண்டு பக்கமும் நடைபாலம் சேர்த்து மும்மைப் பாலமாக்கினார். ஆற்றோரத் தூண்வரிசைச் சந்தை, செங்கல்லும் கரடுமுரடான கல்லும் கலந்த தேசிய நூலகம், ஷாலே கல்லறைத் தோட்டம் என்று அவர் வேலைகள் நகரம் முழுக்க இருக்கின்றன. 2021-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. நூலகத்தில் இருண்ட கருஞ்சலவைக்கல் படிக்கட்டில் ஏறி, வெளிச்சம் நிறைந்த வாசிப்பறைக்குள் வரும்படி அமைத்திருக்கிறார். ஒரு கட்டடம் மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.

நகர அருங்காட்சியகத்தில் ஒரு மரச்சக்கரம் இருக்கிறது. நகரின் தெற்கே உள்ள சதுப்பு நிலத்தில் 2002-இல் கிடைத்தது. ஐந்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அச்சோடு கிடைத்த உலகின் மிகப் பழைய மரச்சக்கரம் இது. காற்றுப் புகாத ஈரச்சேறு அதை அழுகவிடாமல் வைத்திருந்தது. இங்கேயும் தண்ணீர்தான் பாதுகாவலர்.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் படை, 1942-இல், நகரத்தையே முள்வேலியால் சுற்றி வளைத்தது. ஜெர்மானியர் கைக்கு மாறிய பிறகும் அந்த வேலி 1945 வரை இருந்தது. வேலி ஓடிய இடம் இன்று முப்பது கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நடைபாதை, இருபக்கமும் மரங்கள். உள்ளூர் மக்கள் அதில் ஓடுகிறார்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து நடக்கிறார்கள், ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் கூட்டமாக முழுச் சுற்றையும் நடக்கிறார்கள். ஒரு மணி நேரமாவது அதில் நடந்துவிடுங்கள். கோட்டையின் மேலிருந்து தெரிவதைவிட இந்த நகரம் அங்கே நன்றாகப் புரியும்.

குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். 2016-இல் குடிநீருக்கான உரிமையை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். 2021-இல் நீர்ச்சட்டத் திருத்தம் ஒன்றைப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டபோது, வாக்களித்தவர்களில் 86 விழுக்காட்டுக்கு மேல் அதை நிராகரித்தார்கள். ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் கட்டடங்களுக்கு வழி திறந்துவிடும் என்பதே அச்சம். இந்த மக்கள் எதற்காகத் தெருவுக்கு வருவார்கள் என்று கேட்டால் இதையும் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: ஏழு பெயருள்ள ஆற்றைத் தேடிப் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

லியுப்லியானாவில் நீங்கள் பார்த்த ஆறு அதன் கடைசி வடிவம். சுண்ணாம்புப் பாறை மழைநீரில் மெல்லக் கரையும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகி, பாறையின் விரிசல்களை அரித்து அரித்துக் குழிகளும் சுரங்கங்களும் ஆக்கிவிடும். அதனால் ஆறு தரைமேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு துளைக்குள் இறங்கிவிடும். சில கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறையடியில் வெளியே வரும். ஒவ்வொரு முறை வெளிவரும்போதும் அந்தந்த ஊரார் அதை வேறு ஆறு என்று நினைத்து வேறு பெயர் வைத்துவிட்டார்கள். த்ரபுஹோவித்சா, ஓபெர்ஹ், ஸ்தெர்ஷென், ராக், பிவ்கா, உனித்சா, கடைசியில் லியுப்லியானித்சா. ஏழு பெயர், ஒரே நீர்.

செர்க்னித்சாவிலிருந்து தொடங்குங்கள். அங்கே ஓர் ஏரி இருக்கிறது. சில மாதங்கள் மட்டும். இலையுதிர்கால மழையும் வசந்தகாலப் பனி உருகலும் வந்தால், நிலத்தடி வழிகள் நிரம்பி, சமவெளி முழுக்க 20 சதுர கிலோமீட்டருக்கும் மேல் நீர் பரவிவிடும். கோடையில் அது அடித்துளைகள் வழியே இறங்கிவிட, அதே இடத்தில் புல் வெட்டுகிறார்கள். மீன் பிடித்த இடத்தில் சில வாரங்களில் வைக்கோல்! யானெஸ் வைகார்ட் வால்வசோர் என்ற 17-ஆம் நூற்றாண்டு அறிஞர் இந்த ஏரி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கி எழுதியதால், 1687-இல் லண்டனின் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகச் சேர்த்தது. தன் நாட்டைப் பற்றிய பெரும் நூலை 1689-இல் வெளியிட்ட அவர், அந்தச் செலவில் கடனாளியாகி, கோட்டையையும் நூலகத்தையும் விற்றுவிட்டு 1693-இல் இறந்தார். ஒரு நிலத்தை அறிந்துகொள்ளச் சொத்தையே கொடுத்த மனிதர். செர்க்னித்சாவில் நிற்கும்போது அவரை நினைத்துக்கொள்வது நியாயம்.

அங்கிருந்து ராகோவ் ஷ்கோத்சியான். ஒரு குகையின் கூரை இடிந்து விழ, இடியாமல் மிஞ்சிய இரண்டு துண்டுகள் இயற்கைப் பாலங்களாக நிற்கின்றன. அடியில் ராக் ஆறு ஓடி மறுபடியும் குகைக்குள் போகிறது. இங்கே நுழைவுச்சீட்டு கிடையாது, கூட்டமும் குறைவு. ஓரிரண்டு மணி நேரம் நடக்கலாம். மழைக்குப் பின் பாதை வழுக்கும், நல்ல பிடியுள்ள காலணி வேண்டும்.

அடுத்து போஸ்தொய்னா. 24 கிலோமீட்டர் நீளக் குகை. 1872 முதல் உள்ளே ரயில்பாதை இருக்கிறது. கூட்டம் எப்போதும் உண்டு, சீட்டும் மலிவில்லை. இருந்தாலும் போகச் சொல்வேன், பிவ்கா ஆறு வெட்டிய வழி இது என்பதாலும், அங்கே வாழும் ஓர் உயிரினத்துக்காகவும். 'மனித மீன்' என்று உள்ளூரில் சொல்லப்படும் ஓல்ம், வெளிர் இளஞ்சிவப்புத் தோலும் பார்வையற்ற கண்களும் கொண்ட நீர்வாழ் உயிர். உணவில்லாமல் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பெருமழையில் இவை அடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, பழைய காலத்து மக்கள் டிராகனின் குட்டிகள் என்று நம்பியதாக வால்வசோர் எழுதிவைத்திருக்கிறார். 2016-இல் போஸ்தொய்னாவின் தொட்டியில் இதன் முட்டைகள் பொரிந்தது உலகச் செய்தியானது. குகைக்குள் எப்போதும் 10 டிகிரிதான். ஆகஸ்ட் மாதமானாலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

போஸ்தொய்னாவில் மறையும் பிவ்காவும் ராகோவ் ஷ்கோத்சியானில் மறையும் ராக்கும் பிளானினா குகைக்குள், நிலத்தடியிலேயே சந்தித்துக்கொள்கின்றன. இரண்டும் சேர்ந்து உனித்சாவாக வெளியே வந்து, ஒரு புல்வெளியில் வளைந்து வளைந்து ஓடி, மறுபடி தரைக்குள் இறங்கி, கடைசியாக வெர்ஹ்னிகா ஊரில் லியுப்லியானித்சா என்ற பெயரோடு எழுகிறது. ரோமர்கள் இந்த வெர்ஹ்னிகாவை நவ்போர்த்துஸ் என்ற படகுத்துறையாக வைத்திருந்தார்கள். மேலே ஒரு துளையில் யாராவது குப்பையைக் கொட்டினால், கீழே ஒரு ஊரின் குடிநீரில் அது வந்து சேரும். சுண்ணாம்பு நிலத்தில் மண் வடிகட்டாது. நீரைப் பற்றி இவர்கள் ஏன் அவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு குகைக்குத்தான் நேரம் என்றால் என் தேர்வு போஸ்தொய்னா இல்லை, ஷ்கோத்சியான். இது வேறோர் ஆற்றுத் தொகுதி. ரேகா ஆறு பாய்ந்து நுழைந்து, நிலத்தடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கையே வெட்டியிருக்கிறது. ஆற்றுக்கு ஏறத்தாழ 45 மீட்டர் உயரத்தில் ஒரு பாலத்தின் மேல் நடந்து போவீர்கள். கீழே இருட்டில் நீரின் இரைச்சல். 1986-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே மறையும் நீர், எல்லை தாண்டி இத்தாலியில், திரியெஸ்தேவுக்கு வடமேற்கே கடலை ஒட்டி வெளிவருகிறது.

ஐந்தாம் படி: மலைக்கு, பிளெட்டைத் தாண்டி போஹினுக்கு

பிளெட்டுக்குப் போங்கள், காலை ஏழு மணிக்கு. ஏரியை ஒரு முறை சுற்றி நடக்க ஒன்றரை மணி நேரம். தீவுக்குப் பிளெத்னா என்ற பாரம்பரியப் படகில் போனால் தேவாலயத்துக்கு 99 படிகள். பத்து மணிக்குப் பேருந்துகள் வந்து இறங்கும். அப்போது நீங்கள் போஹினுக்குக் கிளம்பிவிடுங்கள்.

போஹின் ஏரி பெரியது, ஆழமானது, நகரமற்றது. நாட்டின் ஒரே தேசியப் பூங்காவான திரிக்லாவ் பூங்காவுக்குள் இருக்கிறது. ஏரியின் மேற்குக் கோடியிலிருந்து மேலே நடந்தால் சாவித்சா அருவி, 78 மீட்டர். முதல் படியில் பார்த்த சாவாவின் ஒரு கிளை இங்கேதான் தொடங்குகிறது.

திரிக்லாவ் சிகரம் 2,864 மீட்டர். கொடியில் இருக்கும் மலை அதுதான். ஸ்லோவேனியராகப் பிறந்தவர் ஒருமுறையாவது அதில் ஏற வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். 1778-இல் நான்கு பேர் முதன்முதலில் உச்சியை அடைந்தார்கள். 1895-இல் யாகோப் அல்யாஷ் என்ற பாதிரியார் உச்சி நிலத்தை விலைக்கு வாங்கி ஒரு சிறு உலோகக் கூண்டை நிறுத்தினார். மலை தங்களுடையது என்று ஜெர்மன் மொழி பேசிய மலையேற்றக் கழகங்கள் பெயர்ப்பலகை வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் செய்தது ஒரு அரசியல் செயல்.

நீங்கள் ஏறலாமா? கடைசிப் பகுதியில் இரும்புக் கம்பிகளையும் ஆணிகளையும் பிடித்துச் செங்குத்தாக ஏற வேண்டும். தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் தேவை. மலை அனுபவம் இல்லாதவர்கள் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. பிற்பகலில் இடிமழை திடீரென்று வரும். அதற்குப் பதிலாக வோகெலுக்குக் கம்பிவண்டியில் போய், 1,535 மீட்டர் உயரத்திலிருந்து திரிக்லாவைப் பார்த்துக்கொண்டு முகடுகளில் நடக்கலாம். பாதையெங்கும் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைப் புள்ளி வரைந்திருப்பார்கள். அதுதான் வழிக்குறி, அதை விட்டு விலகாதீர்கள். அவசரத்துக்கு 112.

ஆறாம் படி: ரயிலில் சோச்சாவுக்கு

போஹின்ஸ்கா பிஸ்த்ரித்சா நிலையத்தில் ரயில் ஏறுங்கள். சில நிமிடங்களில் 6.3 கிலோமீட்டர் சுரங்கம். உள்ளே போகும்போது நீரெல்லாம் கருங்கடலுக்கு. வெளியே வரும்போது அட்ரியாட்டிக்குக்கு. மேற்கு ஆஸ்திரியாவையும் தென் ஜெர்மனியையும் திரியெஸ்தே துறைமுகத்தோடு இணைக்க 1906-இல் திறந்த பாதை இது. தெற்குக் கோடியில் சோல்கான் பாலம்: 85 மீட்டர் அகலமுள்ள ஒற்றைக் கல்வளைவு, கல்வளைவு ரயில் பாலங்களில் உலகிலேயே பெரியது.

சோச்சாவின் நிறத்தைப் பலரும் மரகதம் என்பார்கள். நேரில் பார்த்தால் அந்தச் சொல் போதாது. ஆனால் 1915 ஜூனிலிருந்து 1917 நவம்பர் வரை இந்த ஆற்றோரம் இத்தாலியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் பன்னிரண்டு பெரும் சண்டைகள் போட்டன. லட்சக்கணக்கானோர் செத்தார்கள். பன்னிரண்டாவது சண்டை 1917 அக்டோபர் 24-இல் கோபாரிட் பகுதியில் தொடங்கி இத்தாலியப் படையைச் சிதறடித்தது. கோபாரிட் அருங்காட்சியகம் சிறியது. எந்தப் பக்கத்தையும் வெற்றி பெற்றவர் என்று கொண்டாடாமல், குளிரிலும் பாறையிலும் கிடந்த சிப்பாயின் கதையைச் சொல்கிறது. பார்த்துவிட்டு ஊருக்கு மேலே, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தாலிய வீரர்களின் எலும்புகள் வைக்கப்பட்ட நினைவிடத்துக்கு ஏறுங்கள். சிமோன் கிரேகோர்ச்சிச் என்ற இந்த வட்டாரக் கவிஞர் சோச்சாவைப் பற்றி 1879-இல் எழுதிய பாட்டில், இந்த ஆற்றோரம் இரத்தம் பெருகும் என்று எழுதியிருந்தார். போர் வரும் முன்பே, 1906-இல் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போருக்குப் பின் இந்தப் பள்ளத்தாக்கு இத்தாலிக்குப் போனது. பாசிச ஆட்சியில் பள்ளிகளில் ஸ்லோவேனிய மொழியை ஒழித்தார்கள், ஆட்களின் பெயர்களைக்கூட இத்தாலியமாக்கினார்கள். இரண்டாம் படியில் மொழியைப் பற்றிச் சொன்னது இங்கே வந்தால் உறைக்கும். 1947-இல் எல்லையை மறுபடி வரைந்தபோது கோரித்சியா நகரம் இத்தாலியில் தங்கிவிட்டது; அதனால் எல்லைக்கு இந்தப் பக்கம் நோவா கோரித்சா என்ற புதிய நகரத்தைக் கட்டினார்கள். ரயில் நிலையத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் எல்லைக்கோடு ஒரு வட்டத் தகடாகத் தரையில் இருக்கிறது. ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்து நிற்கலாம். 2025-இல் இரண்டு நகரங்களும் சேர்ந்தே ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தன.

நேரமிருந்தால், செர்க்னோ ஊருக்குப் பக்கத்தில் ஒரு மலையிடுக்குக்குள் மறைத்துக் கட்டிய ஃபிரான்யா மருத்துவமனைக்கும் போங்கள். 1943 டிசம்பரில் கெரில்லாப் போராளிகள் கட்டிய மரக் குடில்கள். தடம் தெரியாமலிருக்க ஓடைநீருக்குள் நடந்தே காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். போர் முடியும்வரை எதிரி அதைக் கண்டுபிடிக்கவேயில்லை.

ஏழாம் படி: கடலோரமும் கிழக்கும்

கடற்கரை ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவு. பீரான் ஒரு மாலைக்குப் போதும்; பக்கத்தில் செச்சோவ்லியே உப்பளங்களில் இன்றும் மரக்கருவிகளால் உப்பை வாருகிறார்கள். பெயர்ப்பலகைகள் இங்கே இத்தாலியத்திலும், கிழக்கே ஹங்கேரி எல்லையில் ஹங்கேரியத்திலும் சேர்ந்து இருக்கும். 90 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் இந்த இரு சிறுபான்மையினருக்கும் ஆளுக்கோர் இடம் உண்டு.

கிழக்கே மாரிபோரில், திராவா கரையில் ஒரு வீட்டுச் சுவரில் 400 ஆண்டுகளுக்கும் மேலான திராட்சைக்கொடி இன்னும் காய்க்கிறது. ப்துய் நகரில், தவக்காலத்துக்கு முன், ஆட்டுத்தோலும் மணிகளும் கட்டிய குரெண்டுகள் என்ற வேடக்காரர்கள் குளிர்காலத்தை விரட்ட ஆடுவார்கள்.

எட்டாம் படி: சாப்பாடு, தேனீ, நான்கு சொற்கள்

சைவம் சாப்பிடுகிறவர்கள் கஷ்டப்பட வேண்டியதில்லை. பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டி அவித்த ஷ்த்ருக்லி, காளான் போட்ட பக்வீட் தானியக் கஞ்சி, கசகசாவும் வால்நட்டும் ஆப்பிளும் அடுக்கிய முரா வட்டார இனிப்பு கிபானித்சா. ஆனால் கேட்டுவிட்டு வாங்குங்கள்: இத்ரியா ஊரின் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையான ஷ்லிக்ரோஃபியின் பூரணத்தில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு; ஷ்கான்ட்சி என்ற பக்வீட் களியின் மேல் பன்றிக் கொழுப்பு வறுவலைத் தூவிவிடுவார்கள்; யோத்தா என்ற புளித்த முட்டைக்கோஸ் சூப்பிலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். மாரிபோர்ப் பக்கம் பூசணி விதை எண்ணெய் கிடைக்கும். கரும்பச்சையாக இருக்கும், ஒரு பாட்டிலாவது வாங்கி வாருங்கள்.

தேனீ வளர்ப்பு அங்கே பொழுதுபோக்கைத் தாண்டிய விஷயம். 1700-களில் வியன்னாவில் தேனீ வளர்ப்பைக் கற்பித்த முதல் ஆசிரியர் அந்தோன் யான்ஷா ஒரு ஸ்லோவேனியர். ஸ்லோவேனியாவின் முன்மொழிவில்தான் ஐ.நா. மே 20-ஐ உலகத் தேனீ நாளாக 2017-இல் அறிவித்தது. ராதோவ்லித்சா அருங்காட்சியகத்தில், தேன்கூட்டுப் பெட்டிகளின் முகப்பில் குடியானவர்கள் வரையச் செய்த ஓவியங்கள் இருக்கின்றன. வேட்டைக்காரனின் சவ ஊர்வலத்தை விலங்குகள் தூக்கிப் போகும் படத்தைத் தேடிப் பாருங்கள்.

மொழியில் ஒருமை, பன்மை போக, இரண்டு பேருக்கென்றே தனி எண்ணும் உண்டு. அதையெல்லாம் கற்க வேண்டாம். வணக்கத்துக்கு டோபெர் டான், நன்றிக்கு ஹ்வாலா, தயவுசெய்து என்பதற்குப் புரோசிம், மன்னிக்க என்பதற்கு ஓப்ரோஸ்தித்தே. மலைப்பாதையில் எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்வது அங்கே வழக்கம்.

ஒன்பதாம் படி: தாள்களும் நாட்களும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். பெரியவர்களுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு தேவை. பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால், எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

லியுப்லியானா விமான நிலையம் சிறியது; வெனிஸ், ஜாக்ரெப், வியன்னாவில் இறங்கிப் பேருந்தில் வருவது பல சமயம் எளிது. உள்நாட்டில் பேருந்து நல்லது, ஆனால் ஞாயிறுகளில் குறைந்துவிடும். பெரும்பாலான கடைகளும் ஞாயிறு மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். நான்காம் படிக்கு மட்டும் கார் வசதி; நெடுஞ்சாலைக்கு வின்யெட் என்ற சுங்கக் கட்டணத்தைக் கட்ட மறக்காதீர்கள்.

நாட்கள்? பத்து இருந்தால் நிறைவு. லியுப்லியானாவுக்கு இரண்டு, ஆற்றைத் தேடிப் போக இரண்டு, போஹினுக்கு மூன்று, சோச்சாவுக்கு இரண்டு, கடலுக்கோ கிழக்குக்கோ ஒன்று. ஐந்துதான் இருக்கிறது என்றால் கடலையும் கிழக்கையும் விட்டுவிட்டு மற்றதைச் சுருக்குங்கள்.

உயர்ந்த மலைப்பாதைகளுக்கு ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. செர்க்னித்சா ஏரியில் நீர் வேண்டும் என்றால் ஏப்ரல். அப்போது மலைமேல் பனி இருக்கும், அருவிகள் முழு வேகத்தில் விழும். குரெண்டுகளைப் பார்க்க பிப்ரவரி, சில ஆண்டுகளில் மார்ச் தொடக்கம். ஒரே பயணத்தில் மலையும் குகையும் வேண்டும், கூட்டம் வேண்டாம் என்கிறவர்கள் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் போகலாம். விடுதி அறைகளை மட்டும் ஜூனிலேயே பிடித்துவிடுங்கள், போஹினில் அறைகள் குறைவு.